விடைபெறும் இசை: ஹைடனின் 45ஆம் சிம்பொனியும் சீகிரியாவும் – அரண்மனைக் கலையில் உழைப்போர் குரல் பற்றிய ஓர் ஆய்வு

1. வினா

சீகிரியாவைப் பற்றி எழுதப்பட்டவை பல. அவற்றுட் பெரும்பாலானவை இரண்டு வினாக்களுள் ஒன்றை மையமாகக் கொண்டவை. காசியப்பன் எத்தகைய அரசன் என்பது ஒன்று. குன்றின் குடைவிலே தீட்டப்பட்டுள்ள பெண்கள் யாவர் என்பது மற்றையது. இவ்வினாக்கள் பயனற்றவை அல்ல. ஆயினும், கலையின் வரலாற்றை உழைப்பின் வரலாற்றோடு இணைத்து நோக்க முற்படுவோர்க்கு மூன்றாவதொரு வினா எழுதல் இயல்பாகும். ஒருவனுடைய இன்பத்துக்காகப் பலர் கூடி ஆக்கிய கலையிலே அப்பலரின் குரலுக்கு இடமுண்டா? உண்டெனின், அதனை எங்கே, எவ்வாறு கேட்பது?

இக்கட்டுரை அவ்வினாவை முதலிற் சீகிரியாவின்பால் எழுப்புகின்றது. அங்குக் கிடைக்கும் விடையின் இயல்பைத் தெளிவாக்கும்பொருட்டு, வேறொரு காலத்திலும் தேயத்திலும் தோன்றிய இன்னோர் அரண்மனைக் கலைப்படைப்பினை ஒப்புநோக்கிற்கு எடுத்துக்கொள்கின்றது. ஜோசப் ஹைடன் 1772இல் ஹங்கேரியிலிருந்த எஸ்டர்ஹாசா மாளிகையில் ஆக்கிய 45ஆம் சிம்பொனியே அது. ‘விடைபெறல் சிம்பொனி’ என அது பெயர் பெற்றுள்ளது. அதன் முதற் பகுதியின் இசைக்கூறுகளையும், அப்பகுதி இறுதிப் பகுதியோடு கொண்டுள்ள உறவையும் ஆராய்வதே நமது முதன்மையான பணி.

இவ்விரண்டிடையே செல்வாக்கோ தொடர்போ தேடுவது நம் நோக்கமன்று. ஏறத்தாழ பதின்மூன்று நூற்றாண்டுகள் அவற்றைப் பிரிக்கின்றன. ஆனால் சமூக நிலைமையில் அவை நெருங்குகின்றன. இரண்டும் பழைய ஆட்சியிருக்கையினின்றும் விலகி, ஒரு தலைவனின் விருப்பால் எழுந்த மாளிகைகள். இரண்டும் நிலத்திலே பாடுபட்டோரின் உபரியால் எழுந்தவை. இரண்டும் அத்தலைவனின் மறைவோடு தம் சிறப்பை இழந்தவை. இத்தகைய ஒப்புமை இருக்கும்போது வேறுபாடுகள்தாம் நமக்குக் கூடுதலாகக் கற்பிக்க வல்லன.

2. சீகிரியா: பேசாத கைகள்

மாத்தளை மாவட்டத்தின் சமவெளியில் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் இக்குன்றினை, கி.பி. 477 முதல் 495 வரை ஆண்டவனாகக் கொள்ளப்படும் முதலாம் காசியப்பன் தன் இருக்கையாக்கினான். அவன் தந்தை தாதுசேனன். கலாவெவ என்னும் பெருங்குளத்தையும், அதிலிருந்து அனுராதபுரத்துக்கு ஏறத்தாழ 87 கிலோமீற்றர் தூரம் நீர் கொண்டுசெல்லும் கால்வாயையும் ஆக்குவித்தவன் அவன். செல்வம் எங்கேயென மகன் கேட்டபோது தாதுசேனன் அக்குளத்து நீரைச் சுட்டினான் என்று சூளவம்சம் கூறும். இக்கதை நிகழ்ந்ததோ புனைந்ததோ, பொருளியல் உண்மையொன்றை அது பிழையின்றிச் சொல்கின்றது. அன்றைய அரசின் செல்வம் நீர். நீரின் பயன் நெல். நெல்லின் பின்னே நிற்பது உழைப்பு. குன்றின்மேல் எழுந்த அரண்மனை அக்குளத்தின் தொடர்ச்சியே.

சீகிரியாவின் அமைப்பு அதிகாரத்தின் மொழியில் எழுதப்பட்டது. மேற்குப் புறத்து நீர்ப் பூங்கா ஒரு நடுக்கோட்டின் இருமருங்கும் குளத்துக்குக் குளமும் பாதைக்குப் பாதையும் ஒத்து அமைந்துள்ளது. அக்கோடு நேரே குன்றை நோக்கிச் செல்கின்றது. கண்ணும் காலும் ஒரே திசைக்குப் பணிக்கப்படுகின்றன. அதனைக் கடந்தாற் பாறைப் பூங்கா. அங்கே ஒப்புமை குலைந்து, இயற்கைப் பாறைகளிடையே பாதை வளைந்து செல்கின்றது. அதற்கும் மேலே படிநிலைத் தோட்டங்களும், இன்று பாதங்கள் மட்டும் எஞ்சியுள்ள சிங்க வாயிலும் அமைந்துள்ளன.

இவற்றைச் செய்தோரைப் பற்றி நாம் அறிவது என்ன? பாறைகளிலே செங்கற்சுவர்களைத் தாங்குதற்கென வெட்டப்பட்ட படிகளும் குழிகளும் ஆயிரக்கணக்கான உளிவீச்சுகளின் சான்றுகள். ஓவியத்தில் முதலில் வரைந்த கையொன்றை மாற்றி வரைந்த தடம் தெரிகின்றது. ஓவியன் ஒருவன் தயங்கித் திருத்திய கணம் அது. ஆயினும் பெயரில்லை, சொல்லில்லை. செய்தோர் தம் பொருளிலே மறைந்துவிட்டனர்.

சொல் பின்னரே வந்தது. மோகல்லானனிடம் காசியப்பன் தோற்று இறந்தபின் சீகிரியா பிக்குகளின் உறைவிடமாயிற்று. எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை அங்கு வந்தோர் கண்ணாடிச் சுவர் எனப்படும் மெருகேற்றிய சுவரிலே தம் பாக்களைக் கீறினர். அவற்றுள் 685இனைச் செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். எழுதியோருள் பிக்குகள், அரச சேவகர், படைவீரர், கைவினைஞர், பெண்கள் எனப் பலதரத்தாரும் இருந்தனர். ஓவியப் பெண்கள் தம்மோடு பேசாமை பற்றிய குறை அவர்தம் பாக்களில் மீண்டும் மீண்டும் வருகின்றது. இது மனங்கொள்ளத்தக்கது. காதற்பாவின் மரபாகவே இதனைக் கொள்ளலாம். ஆனால் வரலாற்று நோக்கில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அரசனுக்கென ஆக்கப்பட்ட கலை, அரசனல்லாதவரிடம் பேச மறுத்தது. அவர்கள் தம் பேச்சைத் தாமே கொண்டுவந்து அதன் எதிரில் எழுதவேண்டியதாயிற்று.

ஆகவே சீகிரியாவில் மக்கள் குரல் உண்டு. அது மூன்று நூற்றாண்டுகள் தாழ்ந்து, படைப்பின் புறத்தேயிருந்து வந்தது. படைப்பின் உள்ளேயே, படைத்தவரின் குரல், தலைவன் முன்னிலையிலேயே ஒலிக்க இயலுமா என்பதே அடுத்து எழும் கேள்வி. அதற்கு விடைகாணவே எஸ்டர்ஹாசாவுக்குச் செல்கிறோம்.

3. எஸ்டர்ஹாசா: சீருடை அணிந்த இசை

ஹைடன் 1732இல் ஒஸ்திரியாவின் ரோராவ் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தை வண்டிச்சக்கரம் செய்யும் தொழிலாளி. தாய் பிரபு வீட்டுச் சமையலாளாக இருந்தவர். 1761இல் எஸ்டர்ஹாசி பிரபுக் குடும்பத்தின் துணை இசைத்தலைவராக ஆண்டுக்கு 400 குல்டன் சம்பளத்தில் அமர்ந்தார். 1766இல் இசைத்தலைவரானார். 1761ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒரு சிறந்த சமூகவியல் ஆவணம். வெண்காலுறையும் பூசிய தலைமயிருமாகச் சீருடையில் தோன்றவேண்டும். நாள்தோறும் முற்பகலும் பிற்பகலும் முன்னறையில் நின்று இன்று இசை வேண்டுமோவெனக் கேட்டறியவேண்டும். ஏனைய இசைஞரின் ஒழுக்கத்துக்குப் பொறுப்பேற்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் ஆக்கும் இசை பிரபுவுக்கே உரியது. அனுமதியின்றிப் பிறருக்கு எழுதவோ படியெடுத்துக் கொடுக்கவோ கூடாது.

இவ்விதிகளில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, இங்கே விற்கப்படுவது படைப்பன்று, படைக்கும் ஆற்றல் முழுவதுமாகும். மற்றொன்று, ஹைடன் வெறும் பணியாளருமல்லர். பணியாளரை மேற்பார்க்கும் பணியாளர். பிரபுவுக்கும் இசைஞருக்குமிடையே நின்ற அவரது இரட்டை நிலை பின்னர் நமக்குப் பயன்படும்.

1762இல் பட்டத்துக்கு வந்த நிக்கலாஸ் பிரபு, சதுப்புநிலப் பகுதியிலிருந்த பழைய வேட்டை மாளிகையொன்றை விரித்து எஸ்டர்ஹாசாவை எழுப்பினார். 1768இல் அங்கே இசைநாடக அரங்கு திறக்கப்பட்டது. அதே காலத்து ஹங்கேரியக் குடியானவரின் நிலை யாது? மரியா தெரேசா 1767இல் வெளியிட்ட உழைப்புச் சட்டப்படி, முழுப்பங்கு நிலமுடைய குடியானவன் வாரத்தில் ஒருநாள் தன் உழவுமாடுகளோடு, அல்லது இரண்டு நாள் தன் கையால், நிலவுடைமையாளனுக்கு ஊதியமின்றி உழைக்கவேண்டும். இச்சட்டம் குடியானவரின் சுமைக்கு வரம்பு கட்டவெனப் பிறந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால் அதற்கு முந்திய நிலை விளங்கும். எஸ்டர்ஹாசாவின் மெழுகுதிரிகள் ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்தவர் இவர்களே.

மாளிகையில் இடநெருக்கடி இருந்தது. இசைஞரின் மனைவியரும் மக்களும் அங்கே தங்கலாகாதென 1772இன் தொடக்கத்திலே பிரபு ஆணையிட்டார். ஹைடன், தலைமை வயலின் கலைஞர் லுயிஜி தொமாசினி முதலாய ஒருசிலர்க்கு மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது. ஏனையோரின் குடும்பங்கள் ஐசன்ஸ்டாட்டில் இருந்தன. அவ்வாண்டு பிரபுவின் தங்கல் இலையுதிர்காலம் வரை நீண்டது. இசைஞர் தம் தலைவரிடம் முறையிட்டனர். அம்முறையீட்டுக்கு ஹைடன் கண்ட வழி இச்சிம்பொனி. முதுமையில் அவரே தம் வரலாற்றாசிரியர்களான கிரீசிங்கர், டீஸ் ஆகியோரிடம் இதனைக் கூறியுள்ளார்.

இக்கதை பலரும் அறிந்தது. அறிந்ததாலேயே ஒரு தீங்கும் விளைந்தது. இறுதியில் இசைஞர் ஒவ்வொருவராக எழுந்துபோகும் காட்சியே சிம்பொனியின் பொருளென எண்ணி, அதற்கு முன்னுள்ள இசையை வெறும் முன்னுரையாகக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. சமூகப் பொருளைக் கதையிலே தேடி வடிவத்தை மறக்கும் இப்போக்கு, இலக்கியத் திறனாய்விலும் நாம் நன்கறிந்த குறைபாடாகும். வடிவத்திலேயே வரலாறு பதிந்துள்ளது என்பது நம் கருத்து. அதனை நிறுவ முதற் பகுதியைக் கேட்கவேண்டும்.

4. கேட்பதற்கு முன்: ஆதார சுருதியும் பயணமும்

நம் இசையில் வல்ல ஒருவர்க்கும் ஐரோப்பியச் சிம்பொனி முதலில் அந்நியமாகத் தோன்றுவதற்குக் காரணம் சுருதி பற்றிய கோட்பாட்டு வேறுபாடே. கருநாடக இசையில் தம்பூரா நிறுத்திய ஆதார சுருதி உருப்படி முடியும்வரை மாறாது. இராகத்தின் விரிவெல்லாம் அசையாத அந்நிலத்தின்மேல் நிகழ்வது. ஐரோப்பியச் செவ்வியற்கால இசையிலோ ஆதாரமே இடம்பெயர்கின்றது. ஒரு சுரத்தை இல்லமாகக் கொண்டு தொடங்கும் இசை, அதனைவிட்டு வேறொரு சுரத்தை இல்லமாக்கி, பின்பு பல இடங்களில் அலைந்து, முடிவில் முதலில் நின்ற இடத்துக்கே மீள்கின்றது.

இப்பயணத்தை ஒழுங்குபடுத்திய அமைப்பே சோனாட்டா வடிவம். அதில் மூன்று கட்டங்கள் உள. எடுத்துரைக்கும் கட்டத்தில் முதற்கருத்து இல்லச் சுருதியிலும், அதற்கு மாறான இரண்டாவது கருத்து புதிய சுருதியிலும் வரும். விரிக்கும் கட்டத்தில் இவை சிதைந்து பல சுருதிகளிலே மோதும். மீளும் கட்டத்தில் இரண்டும் இல்லச் சுருதியிலேயே இணக்கம் பெறும். மேஜர் என்பது நம் சங்கராபரணத்தை ஒத்தது. மைனர் என்பது நடபைரவிக்கும் கீரவாணிக்கும் அண்மையது. மைனரில் தொடங்கும் பகுதி, எடுத்துரைக்கும் கட்டத்தின் பிற்பாதியில் அதற்கு உறவான மேஜருக்குச் சென்று அங்கே மென்மையானதொரு கருத்தைக் கூறுதல் அக்கால வழக்கு. இருளிலிருந்து ஒரு முற்றத்துக்கு வருவது போன்றது அது.

இவ்விசை நம் மரபுக்கு முற்றிலும் புறம்பானதென்று கொள்ளவும் வேண்டியதில்லை. ஹைடனுக்கு ஒரு தலைமுறை இளையவரான முத்துசுவாமி தீட்சிதர், சென்னையில் ஒலித்த ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் இயற்றினார். 2025 மார்ச் 8இல் இளையராஜாவின் முதலாவது சிம்பொனி இலண்டனில் அரங்கேறியபின் ‘சிம்பொனி’ என்னும் சொல் தமிழர் வீடுதோறும் வழங்கலாயிற்று. சொல் பரவிய அளவுக்குப் பொருளும் பரவுதல் வேண்டும்.

5. முதற் பகுதியின் இசைக்கூறுகள்

சுருதி: இச்சிம்பொனியின் இல்லச் சுருதி எஃப் ஷார்ப் மைனர். பதினெட்டாம் நூற்றாண்டுச் சிம்பொனிகளில் இச்சுருதியில் அமைந்த வேறொன்று அறியப்படவில்லை என்பர். அக்காலக் கொம்புக் கருவி, பொருத்தப்படும் குழல்வளையத்தின் நீளத்துக்கேற்ற சுரங்களையே தரவல்லது. இச்சிம்பொனிக்கு வேண்டிய அரைச்சுர வளையங்கள் அரண்மனையில் இல்லை. அவற்றைப் புதிதாகச் செய்வித்தமைக்கான 1772ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டு எஸ்டர்ஹாசி ஆவணங்களில் உள்ளது. தன் முறையீட்டுக்கு வேண்டிய கருவியைப் பிரபுவின் செலவிலேயே செய்வித்தார் இசைத்தலைவர்! பழகிய இருக்கைகள் எதுவுமில்லாத ஒரு வீட்டிற் குடியேறியதுபோல், பழக்கமில்லாத விரலமைப்பிலும் ஒலிநிறத்திலும் இசைஞர் தொடக்கத்திலேயே நிறுத்தப்படுகின்றனர்.

சுரக்கோவை: முதல் வயலின்கள் மேலிருந்து கீழாக ஒரு சுரத்தொகுதியைப் படிப்படியாய் உடைத்து இறங்குகின்றன. பாடக்கூடிய மெட்டென்று அதனைச் சொல்லல் அரிது. இறங்குதல், மீண்டும் மேலேறாமல் மேலிருந்து தொடங்குதல், மீண்டும் இறங்குதல் என்பதே அதன் இயல்பு. உழைக்கும் உடலின் அசைவை இதிற் காண முயல்வது மிகையாகலாம். ஆயினும் ஓய்வுக்கு இடமற்ற அசைவு என்பதில் ஐயமில்லை.

லயம்: மூன்று எண்ணிக்கை கொண்ட விரைந்த நடை. கீழ்த்தந்திகள் சீராக அடித்துக்கொண்டிருக்க, இரண்டாம் வயலின்கள் தாளத்தின் அடிக்குப் பிந்தியே ஒலிக்கின்றன. நம் அநாகத எடுப்பை ஒத்த இவ்வுத்தியால், ஒரே குழுவினுள்ளே இரண்டு காலங்கள் இழுபடுகின்றன. கட்டளைக்கு அமைந்த காலம் ஒன்று. அதனோடு ஒட்டாமல் இழுக்கும் காலம் மற்றொன்று.

வடிவம்: இங்கேதான் முதன்மையான செய்தி உள்ளது. வழக்கப்படி இசை உறவுச் சுருதியான ஏ மேஜரை அடைகின்றது. ஆனால் அங்கே தங்குவதில்லை. முற்றத்தைக் கண்டதும் ஒளி மங்குகின்றது. அதே சுருதி மைனராகிவிட, இசை மேலும் நகர்ந்து சி ஷார்ப் மைனரில் எடுத்துரைக்கும் கட்டத்தை முடிக்கின்றது. கேட்போர் எதிர்பார்த்த மென்மையான இரண்டாவது கருத்து வரவேயில்லை. இறங்கும் முதற்கருத்தே எங்கும் தொடர்கின்றது.

விரிக்கும் கட்டத்தின் நடுவிலே, மோதல் உச்சமடையவேண்டிய இடத்தில், திடீரென யாவும் நிற்கின்றன. அமைதிக்குப்பின் டி மேஜரில், முன் எப்போதும் கேளாத மெல்லியதொரு மெட்டு, தந்திகளில் தாழ்ந்த குரலில் ஒலிக்கின்றது. சமச்சீரான தொடர்களோடு பாடத்தக்கதாய் அமைந்த மெட்டு அது. எடுத்துரைக்கும் கட்டத்தில் மறுக்கப்பட்டது, வரக்கூடாத இடத்தில், வரக்கூடாத சுருதியில் வந்து நிற்கின்றது. அதுவும் நிறைவாக முடியாமல் தயங்கி ஓய்ந்துவிட, முதற்கருத்து எஃப் ஷார்ப் மைனரில் முழுவலிமையோடு திரும்புகின்றது. மீளும் கட்டத்தில் அம்மெல்லிய மெட்டுக்கு இடமில்லை. அப்பகுதி முடியும்வரை அது மீளவேயில்லை.

சோனாட்டா வடிவத்தின் அறம், வெளியே சென்றதெல்லாம் இல்லத்துக்கு அழைத்துவரப்படும் என்பதாகும். முதற் பகுதி அவ்வறத்தை மீறுகின்றது. சென்ற ஒன்று அழைத்துவரப்படாமலே கதவு அடைக்கப்படுகின்றது. இசைஞரின் முறையீடு இங்கே தொடங்கிவிட்டது. எவரும் எழுந்து போகவில்லை. மெழுகுதிரி ஒன்றும் அணையவில்லை. ஆயினும் இல்லம் திரும்ப முடியாமையை வடிவம் முன்னரே உரைத்துவிட்டது.

6. இறுதிப் பகுதி: இல்லம் அடைதல்

இரண்டாம் பகுதி ஏ மேஜரில் வயலின்களின் ஒலி மட்டுப்படுத்தப்பட்ட மெதுநடை. மூன்றாவது எஃப் ஷார்ப் மேஜரில் அமைந்த நடனம். நான்காவது பகுதி மீண்டும் எஃப் ஷார்ப் மைனரில் விரைந்து தொடங்குகின்றது. முடிவை நெருங்கும் வேளை இசை அறுந்து, பதில் வேண்டி நிற்கும் ஒரு சுரக்கூட்டில் நின்றுவிடுகின்றது. வரவேண்டிய முடிவுக்குப் பதிலாக, முற்றிலும் புதியதான மெதுநடையொன்று ஏ மேஜரில் தொடங்குகின்றது. முதற் பகுதியில் அடைந்தவுடன் இழந்த அதே ஏ மேஜர்!

அம்மெதுநடையின்போதே விடைபெறல் நிகழ்கின்றது. முதலில் ஓபோ ஒன்றும் கொம்பு ஒன்றும், பின்பு பசூன், அதன்பின் மற்றை ஓபோவும் கொம்பும், பின்னர் பெருந்தந்தியான டபிள் பேஸ், செலோ, ஏனைய வயலின்கள், வியோலா என ஒவ்வொன்றாய் ஒழிகின்றன. பலர் தனித்து வாசித்துவிட்டே போகின்றனர் என்பது கருதத்தக்கது. குழுவில் முகமற்றிருந்த டபிள் பேஸ் கலைஞன்கூடத் தன் குரலைக் கேட்பித்துவிட்டே எழுகின்றான். தத்தம் மெழுகுதிரியை அணைத்துவிட்டுச் சென்றனர் என்பர். எஞ்சிய இரு வயலின்கள் மட்டுப்படுத்திய ஒலியில் எஃப் ஷார்ப் மேஜரில் ஓய்கின்றன. மைனராய்த் தொடங்கிய இல்லச் சுருதி மேஜராய் முடிகின்றது.

இச்சிம்பொனியின் பகுதிகள் யாவும் ஒரே தொடர்ந்த அமைப்பெனவும், முதற் பகுதியின் டி மேஜர் மெட்டு இறுதி மெதுநடையை முன்னுணர்த்துவது எனவும் ஜேம்ஸ் வெப்ஸ்டர் 1991இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். அதற்கு நாம் சேர்க்க விரும்புவது ஒரு சமூகப் பொருளை. இசை தன் இல்லத்தை அமைதியோடு அடைவது, அதனை இசைப்போர் தம் இல்லத்துக்குப் புறப்படும்போது மட்டுமே. முழுக்குழுவும் பணியில் நின்றவரை அது அலைந்தது. பணியிலிருந்து ஒவ்வொருவராய் விடுபட்டபோதே அது நிலைபெற்றது.

இறுதிவரை இருந்த இருவர் ஹைடனும் தொமாசினியும் எனக் கூறுவது மரபு. குடும்பத்தை உடன்வைத்திருக்க விலக்குப் பெற்றிருந்தவர்களும் இவர்களே. போகவேண்டியவர் போயினர், சலுகை பெற்றவர் கடைசிவரை நின்றனர். இடைநிலை மேற்பார்வையாளரின் சமூக நிலைமையை இதனினும் துல்லியமாகக் காட்டும் மேடையமைப்பு அரிது. ஹைடன் தம்மைப் புரட்சியாளராக எண்ணியவரல்லர், பிரபுவிடம் பற்றுடையவர். எனினும் அவரது வடிவ நேர்மை அவர் கருதியதைக் கடந்து பேசிற்று. முடியாட்சிப் பற்றாளரான பால்சாக்கின் நாவல்கள் அப்பற்றுக்கு மாறாகவே சமூகத்தின் உண்மையைக் காட்டின என்று எங்கெல்ஸ் 1888இற் கடிதமொன்றிற் கூறியது இங்கும் பொருந்தும்.

7. பரிசில் விடையும் பணி விடையும்

புரவலனிடமிருந்து கலைஞன் விடைபெறுதல் தமிழிலக்கிய மாணவர்க்குப் புதிய பொருளன்று. பரிசில் கடாநிலை, பரிசில் விடை என்பன புறத்துறைகள். முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் உண்டு தங்கிய பொருநன் தன் சுற்றத்திடம் திரும்ப விரும்புகின்றான். அரசன் பிரிவுக்கு வருந்துகின்றான். பரிசில் தந்து, ஏழடி பின்சென்று வழியனுப்புகின்றான். புறநானூற்றிலே அதியமானின் வாயிலில் காக்கவைக்கப்பட்ட ஔவையார் புறப்படத் துணிகின்றார். தன் தொழில் தன் கையிலிருப்பவர்க்கு உலகம் ஒரு வாயிலோடு முடிந்துவிடாது என்னும் நிமிர்வு அப்பாட்டில் உள்ளது.

இவ்விரு விடைபெறல்களுக்கும் உள்ள வேறுபாடு தனிமனிதரின் துணிவில் இல்லை. சிறு தலைவர் பலர் ஒருவரோடொருவர் புகழுக்குப் போட்டியிட்ட சமூகத்திற் பாணரும் பொருநரும் நடமாடும் கலைஞர். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வு, அப்பாடல்களை வாய்மொழிப் பாணர் மரபோடு இணைத்து விளக்கியது. அவர்தம் கலை அவர்தம் உடைமை. எஸ்டர்ஹாசாவிலோ கலை ஒப்பந்தத்தால் பிரபுவின் உடைமை. பணியைத் துறக்கும் வாய்ப்பு இருப்பினும், துறந்தோன் செல்லக்கூடியது இன்னோர் அரண்மனைக்கே. ஆகவே பொருநன் வாய்விட்டுக் கேட்டதை ஹைடனின் இசைஞர் மௌனத்தாற் கேட்கவேண்டியதாயிற்று. வாசிப்பதே கடமையாகும் இடத்தில் வாசிப்பை நிறுத்துவதே பேச்சு.

8. எல்லையும் பயனும்

இம்முறையீட்டின் வெற்றியை மிகைப்படுத்தல் கூடாது. பிரபு குறிப்பை உணர்ந்தார். அவை அடுத்த நாள் ஐசன்ஸ்டாட்டுக்குப் புறப்பட்டது என்பது மரபு. கிடைத்தது விடுப்பு, விடுதலையன்று. படைப்பு பிரபுவுக்கே உரியது என்னும் விதி 1779ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே நீங்கியது. 1790இல் நிக்கலாஸ் இறந்ததும் அவர் மகன் இசைக்குழுவைக் கலைத்தார், எஸ்டர்ஹாசா களையிழந்தது. ஹைடன் இலண்டனுக்குச் சென்று, 1791 முதல் 1795 வரையான இரு பயணங்களின்போது நுழைவுச்சீட்டு வாங்கிய பொதுமக்களுக்கென 12 சிம்பொனிகளை ஆக்கினார். பிரபுவின் முன்னறைக்குப் பதிலாகச் சந்தை வந்தது. கலைஞன் ஒரு தளையிலிருந்து நீங்கி இன்னொன்றினுட் புகுந்தான். குழுவிலிருந்த மற்றையோர் வேலையிழந்தனர் என்பதையும் மறத்தலாகாது. வாரத்தில் இரண்டு நாள் கையால் உழைத்த குடியானவனின் குரலோ இச்சிம்பொனியிலும் இல்லை. அவன் அம்மண்டபத்தினுள் அழைக்கப்பட்டவனே அல்லன்.

எனினும் நாம் பெறும் முறையியற் பயன் தெளிவானது. அரண்மனைக் கலை என்பதனால் ஒரு படைப்பை ஆளும் வகுப்பின் குரலெனத் தள்ளிவிடுதல் தவறு. அழகியலின் பெயரால் அதன் உழைப்புச் சூழலை மறத்தலும் தவறு. எங்கே வடிவம் தன் வழக்கத்தை மீறுகின்றதோ, எங்கே எதிர்பார்த்தது வராமலும் எதிர்பாராதது வந்தும் நிற்கின்றதோ, அங்கே வரலாற்றைத் தேடுதல் வேண்டும். சிம்பொனியில் அது ஒரு டி மேஜர் மெட்டு. சீகிரியாவில் அது திருத்தி வரையப்பட்ட ஒரு கை. நேர்கோட்டுப் பூங்கா பாறைகளிடம் தோற்று வளையும் ஓர் இடம்.

கண்ணாடிச் சுவரின் வரலாறும் முடிந்துவிடவில்லை. பண்டைக் கீறல்கள் இன்று தேசியச் செல்வம்; சீகிரியா 1982 முதல் உலக மரபுரிமைச் சின்னம். 2015இல் அச்சுவரிலே தன் பெயரைக் கீறிய இளம்பெண் ஒருவருக்கு ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் சனாதிபதியின் மன்னிப்பால் அவர் விடுதலையானார். சுவரைக் காத்தல் கடமையே. அதில் இரு கருத்தில்லை. ஆயினும், சாதாரண மனிதர் தம் குரலைப் பதித்தமையாலேயே பெருமையுற்ற சுவர் அது என்பதைக் காப்போரும் காண்போரும் அறிந்திருத்தல் வேண்டும். அச்சுவரில் இனி எழுதுவதற்கு இடமில்லை. அங்கே எழுதியோரையும், அதனை எழுப்பியோரையும், எஸ்டர்ஹாசாவில் மெழுகுதிரியை அணைத்துவிட்டு எழுந்துசென்றோரையும் வரலாற்றில் எழுதுவதற்கு இடம் நிறைய உண்டு. அதனைச் செய்வது ஆய்வாளரின் பணியாகும்.